பழைய விடுதியில் நல்ல அறையைக் கேட்டு வாங்குவது எப்படி

பெருநகரங்களின் நடுப்பகுதியில், ரயில் நிலையத்துக்கோ பழைய கடைவீதிக்கோ அருகில், பல பத்தாண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட சிக்கன விடுதிகள் இன்றும் இயங்கிக்கொண்டிருக்கின்றன. ரயிலில் வந்து இறங்கிய வியாபாரிகளும் அலுவல் நிமித்தம் வந்தவர்களும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தே போய்ச் சேரும் தொலைவில் இருக்க வேண்டும் என்பதற்காகவே அவற்றில் பல அங்கே எழுந்தன. அந்த இட வசதிதான் இன்றைக்கும் அவற்றின் முதல் பலம். புறநகரில் அதே வாடகைக்குப் பளபளப்பான அறை கிடைக்கக்கூடும். ஆனால் தினமும் இரண்டு வேளை நகரத்துக்குள் வந்துபோகும் செலவையும் நேரத்தையும் கூட்டிப் பார்த்தால் கணக்கு மாறிவிடும்.

பழைய விடுதிக்குப் போகிறவர் ஒன்றைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். புதிய விடுதியில் ஓர் அறையைப் பார்த்தால் மற்ற அறைகளையும் ஏறக்குறைய பார்த்த மாதிரிதான். பழைய கட்டடத்தில் அப்படி இல்லை. கையில் பணம் சேர்ந்தபோதெல்லாம் ஒரு மாடியை, சில சமயம் ஒரு மாடியில் பாதியை மட்டும், உரிமையாளர் புதுப்பித்திருப்பார். ஒரே வாடகையில் ஓர் அறைக்குப் புதுக் குழாயும் இரட்டைக் கண்ணாடிச் சன்னலும் வாய்த்திருக்க, அடுத்த அறையில் முப்பது ஆண்டு பழைய குழாய் சொட்டிக்கொண்டிருக்கும். ஆகவே ‘இந்த விடுதி எப்படி’ என்று விசாரிப்பதோடு நில்லாமல், ‘இங்கே எந்த அறை’ என்று விசாரிக்கப் பழக வேண்டும்.

முன்பதிவு செய்யும் முன்

தங்கியவர்கள் எழுதிய கருத்துகளில் ஐந்து நட்சத்திரப் புகழ்ச்சியையும் ஒற்றை நட்சத்திர வசவையும் தள்ளிவைத்துவிட்டு, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் சொல்வதைப் படிப்பது நல்லது. அறை எண்ணையும் மாடியையும் குறிப்பிட்டு, எது சரியாக இருந்தது, எது சரியில்லை என்று பொறுமையாக எழுதுபவர்கள் பெரும்பாலும் அவர்கள்தாம். கடந்த ஆறு மாதங்களுக்குள் எழுதப்பட்டவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரே குறை எத்தனை பேர் வாயிலிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். ஒருவர் மட்டும் சுடுநீர் வரவில்லை என்றால் அது அந்த ஒரு நாளின் கோளாறாக இருக்கலாம். நான்கு பேர் சொன்னால் அது கட்டடத்தின் கோளாறு. விடுதி வெளியிட்ட படங்கள் அங்குள்ள சிறந்த அறையில் எடுக்கப்பட்டவை என்றே வைத்துக்கொண்டு, விருந்தினர் எடுத்த படங்களில் குளியலறையையும் சன்னலையும் தேடிப் பார்க்கலாம்.

விடுதிக்குத் தொலைபேசியில் பேசிக் கேட்க வேண்டியவை சிலவே: லிஃப்ட் இருக்கிறதா, அது இப்போது ஓடுகிறதா, குளியலறை அறைக்குள்ளேயே இருக்கிறதா, பொதுவானதா, சன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது, இரவு முழுவதும் வரவேற்பு மேசையில் ஆள் இருப்பாரா, கட்டட வேலை ஏதும் நடக்கிறதா. ‘ஓடுகிறதா’ என்ற கேள்வியை விட்டுவிடக் கூடாது. லிஃப்ட் உண்டு என்று பட்டியலில் போட்டிருந்த ஒரு விடுதியில், அது பழுதாகி மாதக்கணக்காகக் கதவில் கயிறு கட்டிக் கிடந்ததை நான் ஐந்தாவது மாடிக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறியபோதுதான் தெரிந்துகொண்டேன்.

பணம் செலுத்துவதிலும் கவனம் தேவை. வரியும் பிற கட்டணங்களும் சேர்ந்த மொத்தத் தொகையை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். பல விடுதிகள் சேதத்துக்கு ஈடாக ஒரு தொகையை அட்டையில் நிறுத்திவைக்கும். அது வங்கியிலிருந்து விடுபடச் சில நாள்கள் ஆகும். டெபிட் அட்டையைக் கொடுத்தால் கையிருப்பே அத்தனை நாள்கள் முடங்கும் என்பதால், இருப்பவர்கள் கிரெடிட் அட்டையைக் கொடுப்பது மேல். ஒரு வாரம் தங்க வேண்டியிருந்தாலும் முதல் இரண்டு இரவுகளை மட்டும் பதிவு செய்துவிட்டு, அறை ஒத்துவந்தால் நீட்டித்துக்கொள்வது என் வழக்கம். திருவிழாவோ மாநாடோ நடக்கும் நாள்களில் மட்டும் இது கைகொடுக்காது.

எந்த அறையைக் கேட்பது

கட்டடத்தின் வயதைக் கொண்டே அறைகளின் குணத்தை ஓரளவு ஊகிக்கலாம். எலிஷா ஓட்டிஸின் நிறுவனம் 1857இல் நியூயார்க்கில் ஒரு கடைக் கட்டடத்தில் பயணிகள் லிஃப்டைப் பொருத்தியது. அதன் பின்னரே உயர மாடிகளுக்கு மெல்ல மெல்ல மதிப்பு வந்தது. அதற்கு முன்பு படியேற விரும்பாத செல்வந்தர்களுக்குக் கீழ்மாடிகளும், மற்றவர்களுக்கு உச்சிமாடியும் என்பதே நடைமுறை. லிஃப்ட் பின்னாளில் நுழைக்கப்பட்ட கட்டடமாக இருந்தால், மேலே போகப் போக அறைகள் சிறுத்து, கூரை தாழ்ந்துகொண்டே போவதைக் காணலாம். அப்படிப்பட்ட இடத்தில் ‘மேல்மாடி அறை, நல்ல காட்சி’ என்று சொல்லப்படுவதை அப்படியே நம்பிவிட வேண்டியதில்லை.

சந்தடியைப் பொறுத்தவரை, தெருப்பக்கத்து அறையில் வெளிச்சமும் இரைச்சலும் சேர்ந்தே வரும். உள்முற்றத்தைப் பார்த்த அறை அமைதியானது, ஆனால் இருட்டு. முற்றத்துப் பக்கம் கேட்பதற்கு முன், அங்கே சமையலறையின் புகைபோக்கி விசிறியோ ஏசிகளின் வெளிப்புறப் பகுதிகளோ வரிசையாக மாட்டப்பட்டிருக்கின்றனவா என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். அவை இருந்தால் தெருவே தேவலை. பழைய லிஃப்டின் மோட்டார் பெரும்பாலும் கட்டடத்தின் உச்சியில் இருக்கும். அதனால் கடைசி மாடியில் லிஃப்டை ஒட்டிய அறை வேண்டாம். படிக்கட்டின் வாயில், துணி அடுக்கும் அறை, பொதுக் கழிப்பறை ஆகியவற்றின் பக்கத்து அறைகளையும் தவிர்க்கலாம். இரண்டு அறைகளை இணைக்கும் உள்கதவு உள்ள அறையையும் நான் ஏற்பதில்லை. பூட்டியிருந்தாலும் அந்தக் கதவு வழியே பக்கத்து அறைக்காரரின் தொலைபேசிப் பேச்சு முழுவதும் வந்து சேரும்.

உயரத்துக்குப் பாதுகாப்புக் கணக்கும் ஒன்று உண்டு. தரைத்தளத்துச் சன்னல் வெளியாள் எட்டும் உயரத்தில் இருக்கிறது. மிக உயர்ந்த மாடிக்குத் தீயணைப்பு ஏணி எட்டாமல் போகலாம். இரண்டாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் இடையில் அறை கிடைத்தால் இரண்டு கவலையும் குறையும்.

இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டாலும் கேட்கும்போது சுருக்கமாகக் கேட்பதே பலன் தரும். வருவதற்கு முந்தைய நாள், ‘லிஃப்டுக்குத் தள்ளி, உள்பக்கம், மூன்றாவது அல்லது நான்காவது மாடியில் ஓர் அறை ஒதுக்க இயலுமா’ என்று ஒரே வரியில் எழுதி அனுப்பலாம். மாலைக்குள் போய்ச் சேருவது அதைவிட முக்கியம். நள்ளிரவில் வருபவருக்கு மிச்சம் மீதியாகக் கிடக்கும் அறைதான் கிடைக்கும். அதை மாற்றித்தரவும் அந்நேரத்தில் வேறு அறை இருக்காது. பதிவேட்டில் கையெழுத்திடுவதற்கு முன் அறையைப் பார்க்க வேண்டும் என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். இத்தகைய விடுதிகளில் அது அன்றாடம் நடப்பதுதான். அறையைக் காட்ட மறுத்தால் அந்த மறுப்பே வேண்டிய தகவலைத் தந்துவிடுகிறது.

பெட்டியைத் திறப்பதற்கு முன் பத்து நிமிடம்

அறைக்குள் நுழைந்ததும் பெட்டியைக் கட்டிலின்மேலோ தரைவிரிப்பின்மேலோ வைக்காமல், குளியலறையின் ஓடு பதித்த தரையில் வைத்துவிட்டு மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உறங்கி ஓய்வெடுக்கத்தான் அறைக்கு வந்திருக்கிறோம் என்றாலும், இந்த ஒரு வேலையைத் தள்ளிப்போடக் கூடாது; சட்டை மடிப்பில் ஒன்றிரண்டு ஏறிவிட்டால் வீடு வரை வந்து மாதக்கணக்கில் பாடுபடுத்தும்.

முதலில் தலைமாட்டுப் பக்கம் விரிப்பை மூலையிலிருந்து உருவி, மெத்தையின் ஓரத்தில் ஓடும் தடித்த தையலைக் கட்டைவிரலால் புரட்டிக்கொண்டே கைப்பேசி விளக்கை அடித்துப் பார்க்க வேண்டும். வளர்ந்த பூச்சி ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் நீளத்தில், தட்டையாக, பழுப்புச் சிவப்பில் இருக்கும். ஆனால் பகலில் பூச்சியே கண்ணில் படுவது அரிது. அது விட்டுச்சென்ற தடயங்களைத்தான் தேட வேண்டும்: பேனா முனையால் தொட்டு வைத்ததைப் போன்ற கரும்புள்ளிகள், வெளிர்மஞ்சள் நிறத்தில் உரிந்து கிடக்கும் தோல்கள், 1 மில்லிமீட்டர் அளவில் ஒட்டியிருக்கும் வெள்ளை முட்டைகள். ஈரத் துணியால் துடைத்தால் அந்தக் கரும்புள்ளி செம்பழுப்பாகத் தீற்றிக்கொண்டு பரவும். வெறும் அழுக்கு அப்படிப் பரவாது. மெத்தை முடிந்ததும் தலைமாட்டுப் பலகைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடுக்கு, கட்டிலின் திருகாணித் துளைகள், பக்கத்து மேசை இழுப்பறையின் அடிப்பகுதி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மெத்தையை மாற்றியிருப்பார்கள், தலைமாட்டுப் பலகையைக் கழற்றியிருக்க மாட்டார்கள் என்பதால் அந்த இடுக்கைத்தான் நான் அதிக நேரம் பார்ப்பேன். தடயம் கண்டால் படம் எடுத்துக்கொண்டு வேறு அறை கேட்க வேண்டும். சுவர் இடுக்கு வழியாகவும் குழாய்த் துளைகள் வழியாகவும் அவை நகரும் என்பதால், பக்கத்து அறையும் நேர் மேலே, நேர் கீழே உள்ள அறைகளும் மாற்று ஆகாது.

அடுத்தது கதவு. பூட்டிய பின் தோளால் ஒரு முறை தள்ளிப் பார்த்தால், நிலையில் பூட்டு பிடிக்கிறதா, வெறுமனே தொட்டுக்கொண்டிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். பழைய கதவுகளில் பூட்டை மாற்றியிருப்பார்கள், நிலையின் மரம் உளுத்திருக்கும். உள்தாழ்ப்பாள் சரியில்லை என்றால் அன்றைக்கே மாற்று அறை கேட்க வேண்டும். கதவின் அடியில் செருகும் ரப்பர் ஆப்பு ஒன்றைப் பையில் வைத்திருப்பது செலவில்லாத காப்பு.

வழி தெரிந்துகொள்வதும் இந்தப் பத்து நிமிடத்துக்குள் அடங்கும். 1980 நவம்பரில் லாஸ் வேகஸ் நகரத்துப் பெரிய விடுதி ஒன்றில் நடந்த தீ விபத்தில் 85 பேர் இறந்தார்கள். தீ கீழ்த்தளங்களோடு நின்றுவிட்டது. ஆனால் லிஃப்ட் குழி வழியாகவும் படிக்கட்டுகள் வழியாகவும் ஏறிய புகை மேல்மாடிகளில் இருந்தவர்களைக் கொன்றது. பழைய கட்டடங்களில் திறந்த படிக்கட்டுகள் அதிகம் என்பதால் இது நேரடியாகப் பொருந்தும். அறைவாசலிலிருந்து அவசர வழி வரை நடந்து, இடையில் எத்தனை கதவுகள் என்று எண்ணிக்கொண்டு, அந்த வழிக்கதவைத் தள்ளித் திறந்தும் பார்த்துவிட வேண்டும். புகையில் கண் தெரியாது. சுவரைத் தடவிக்கொண்டு எண்ணித்தான் போக முடியும். அந்த வழிக்குச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தால் நான் அந்த விடுதியிலேயே தங்குவதில்லை. அறைக் கூரையில் புகை உணரி இருக்கிறதா, யாராவது அதைப் பிளாஸ்டிக் உறையால் மூடி வைத்திருக்கிறார்களா என்பதையும் அண்ணாந்து ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம்.

குளியலறையில் குழாயைத் திறந்து ஓரிரு நிமிடம் ஓடவிட வேண்டும். கொதிகலன் கீழ்த்தளத்தில் இருந்தால் சுடுநீர் மேலே வந்து சேரத் தாமதமாவது இயல்பு; ஐந்து நிமிடம் ஓடியும் வரவில்லை என்றால்தான் குறை. ஓடவிடுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. லெஜியோனெல்லா என்ற நுண்ணுயிர் 20 முதல் 45 பாகை செல்சியஸ் வரையிலான தேங்கிய நீரில் பெருகி, நீர்த்திவலைகளாக மூச்சில் போகும்போது கடுமையான நிமோனியாவைத் தரும். 1976இல் பிலடெல்பியாவில் ஒரு விடுதியில் கூடிய முன்னாள் படைவீரர்கள் பலர் நோயுற்ற பின்னரே அது அடையாளம் காணப்பட்டது. நாள்கணக்கில் ஆளில்லாமல் கிடந்த அறை என்றால், பூவாளிக் குழாயைத் திறந்துவிட்டு, திவலை படாமல் வெளியே வந்து கதவைச் சாத்திவைப்பது போதும். குளியலறையில் சாக்கடை நாற்றம் அடித்தால் உடனே பதற வேண்டாம். தரை வடிகாலின் வளைகுழாயில் எப்போதும் கொஞ்சம் நீர் நின்று சாக்கடைக் காற்றைத் தடுக்க வேண்டும். அறை காலியாகக் கிடந்தால் அது வற்றிவிடும். ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினால் பெரும்பாலும் சிறிது நேரத்தில் நாற்றம் நின்றுவிடும்.

எரிவாயுவால் சூடாகும் நீர்க்கலன் குளியலறைக்குள்ளேயே மாட்டப்பட்டிருந்தால் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. புகைக்குழாய் இல்லாத, அல்லது அடைபட்ட அத்தகைய கலன் வெளியிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலியும் கிறுகிறுப்பும் குமட்டலும் சேர்ந்து வந்தால் உடனே வெளிக்காற்றுக்குப் போய்விட வேண்டும். அப்படிப்பட்ட அறையை வேண்டாம் என்று சொல்லிவிடுவதே சரி.

மின்சாரத்தில், செருகியதும் ஆடுகிற அல்லது தொட்டால் சுடுகிற பிளக் பாயின்ட்டைப் பயன்படுத்தக் கூடாது. பழைய அறைகளில் ஒன்றோ இரண்டோ பாயின்ட்தான் இருக்கும், அதுவும் கட்டிலுக்கு எதிர்மூலையில் இருக்கும்; சற்று நீளமான சார்ஜர் கம்பி எடுத்துச் செல்வது நல்லது. அயல்நாட்டில் என்றால் மின்னழுத்தம் 100 முதல் 127 வோல்ட்டா, 220 முதல் 240 வோல்ட்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கைப்பேசி சார்ஜர்கள் பொதுவாக இரண்டையும் தாங்கும். முடி உலர்த்தியும் கெட்டிலும் பெரும்பாலும் தாங்கா.

அறையை மாற்றச் சொல்வது

குறை கண்டால் அரை மணி நேரத்துக்குள், பெட்டியைத் திறக்காமல், துண்டைக்கூட எடுக்காமல் கீழே போய்ச் சொல்ல வேண்டும். பயன்படுத்தாத அறையை இன்னொருவருக்குக் கொடுக்கலாம் என்பதால் மேசையில் இருப்பவர் எளிதில் இசைவார். ‘அறை நன்றாக இல்லை’ என்றால் பேச்சு வளரும். ‘உள்தாழ்ப்பாள் விழவில்லை’, ‘சன்னல் மூடவில்லை’ என்று ஒரே ஒரு குறையைச் சொன்னால் வேலை முடியும். ஒரு முறை நள்ளிரவு கடந்து, சுவருக்குப் பின்னால் யாரோ சுத்தியலால் தட்டுவதைப் போன்ற ஓசை கேட்டு, கோபத்தோடு கீழே இறங்கிப் போய்க் கத்திவிட்டேன். இரவுப் பணியில் இருந்த பெரியவர் அமைதியாக என்னுடன் மேலே வந்து, சன்னலடியில் இருந்த நீராவிக் கணப்பின் திருகைக் கடைசி வரை திறந்துவிட்டார், ஓசை நின்றுவிட்டது. நீராவி வருவதும் நீர் திரும்புவதும் ஒரே குழாய் வழியாக நடக்கும் ஒற்றைக் குழாய்க் கணப்பில் திருகு பாதி திறந்திருந்தால், குளிர்ந்த நீர் திரும்பி வடிய வழியில்லாமல் தேங்கி, வரும் நீராவியோடு மோதித் தட்டும். ஒன்று முழுதாகத் திறக்க வேண்டும், அல்லது முழுதாக மூட வேண்டும். அன்றைக்கு நான் அறை மாறவில்லை. மறுநாள் காலையில் அவரைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

இரவும் பொதுக் குளியலறையும்

படுக்கையறைக்குள் சராசரி ஓசை 30 டெசிபெலுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 1999இல் வகுத்த அளவு. நகர நடுவில் ஒற்றைக் கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் அது பெரும்பாலும் வாய்க்காது. நுரையாலான காதடைப்பான், கதவடி இடைவெளியில் சுருட்டி வைத்த துண்டு, ஓடும் மின்விசிறி ஆகிய மூன்றும் சேர்ந்தால் பாதித் தொல்லை தீரும். பக்கத்து அறைக் குழாயின் சத்தம் மட்டும் எப்படியும் கேட்கும். எல்ஸ்வொர்த் ஸ்டாட்லர் 1908இல் பஃபலோ நகரத்தில் திறந்த விடுதியில், அடுத்தடுத்த குளியலறைகளை முதுகோடு முதுகாக வைத்து ஒரே குழாய்த் தொகுதியைப் பகிரச் செய்தார். அறைக்கு அறை குளியலறை தரும் செலவு அதனால் குறைந்தது. பின்னர் வந்த விடுதிகள் பலவும் அந்த முறையைப் பின்பற்றின. கட்டிலின் தலைமாடு குளியலறைச் சுவரோடு ஒட்டியிருந்தால், தலையணையைக் கால்மாட்டுக்கு மாற்றிப் படுத்துப் பார்க்கலாம்.

பொதுக் குளியலறைக்குப் போகும்போது ரப்பர் செருப்பும், பொருள்களை மாட்டிவைக்க ஒரு கொக்கிப் பையும், எல்லாவற்றுக்கும் மேலாக அறைச்சாவியும் கையில் இருக்க வேண்டும். தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவுக்கு வெளியே துண்டோடு நிற்பது, ஒரு முறை பட்டால் மறக்காது.

நகர நடுப்பகுதி பகலில் இருப்பதுபோல் இரவில் இருக்காது. அலுவலகங்கள் மூடியதும் சில தெருக்கள் வெறிச்சோடிவிடும். ஆகவே முதல் நாள் வெளிச்சம் இருக்கும்போதே, எந்தத் தெரு வழியாகத் திரும்பி வருவது என்பதை நடந்து பார்த்துக்கொள்ள வேண்டும். விடுதியின் முகவரி அட்டை ஒன்றைப் பணப்பையில் வைத்துக்கொள்வது, கைப்பேசி அணைந்துபோன இரவில் உதவும். அறையில் உள்ள இரும்புப் பெட்டகம் சுவரிலோ அலமாரியிலோ திருகப்படாமல் வெறுமனே வைக்கப்பட்டிருந்தால், அதைத் தூக்கிக்கொண்டே போய்விடலாம் என்பதால் அதற்குள் எதையும் வைக்க வேண்டாம்.

காலி செய்யும் நாளில்

அறையை விட்டு வெளியேறும் முன் கட்டில், குளியலறை, சன்னல் ஆகியவற்றைப் படமெடுத்துக்கொண்டால், நிறுத்திவைத்த தொகையைத் திரும்பப் பெறுவதில் சச்சரவு வராது. சாவியைக் கொடுத்ததற்கும் பணம் கட்டியதற்கும் ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். ரயில் மாலையில்தான் என்றால் பெட்டியை வரவேற்பு மேசையின் பின்னால் வைத்துவிட்டுப் போக அனுமதி கேட்கலாம். கணினியையும் கடவுச்சீட்டையும் மட்டும் கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். பிடித்திருந்த அறையின் எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டால், அடுத்த முறை அந்த எண்ணைச் சொல்லியே பதிவு செய்யலாம்.

வீடு திரும்பியதும் பெட்டியைப் படுக்கையறைக்குக் கொண்டுபோகாமல் வாசலருகிலேயே திறந்து, துணிகளை நேராகச் சலவைக்குப் போட வேண்டும். உலர்த்தும் இயந்திரம் இருந்தால் மிகுந்த சூட்டில் 30 நிமிடம் ஓடவிட்டால் மூட்டைப்பூச்சியும் அதன் முட்டையும் மாண்டுவிடும். காலிப் பெட்டியின் உள்தையலையும் சக்கரத்தின் இடுக்கையும் கைப்பேசி விளக்கால் ஒரு முறை பார்த்துவிட்டு, அதன் பிறகு பரணில் ஏற்றலாம்.